முதலில் ஓடுவது

தட்டாதீர்கள் அண்ணாச்சி. வண்டி எடுத்ததிலிருந்து நானும் தட்டிப் பார்த்துவிட்டேன், இந்த ஷட்டர் மேலே போகாது. அட. போய்விட்டதே. என்ன செய்தீர்கள்? முதலில் கீழே ஒரு அழுத்து, அப்புறம் மேலே. சரி சரி. காக்கிச் சட்டையைப் பார்த்ததும் நினைத்தேன். டிப்போவா? மெக்கானிக். இருபத்தாறு வருஷமா? நல்லது.

காற்றுக்காக இல்லை. கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் இந்த ஜன்னல் வழியாக ஒரு ஃபைலைக் கொடுக்க வேண்டும். இறங்கி ஏறினால் சீட் போய்விடும். இந்தப் பக்கத்துச் சீட்டைப் பார்த்துத்தான் பிடித்தேன். வடக்கே போகிற வண்டியில் சாயங்காலம் டிரைவர் பக்கம் வெயில் வராது. எதையும் யோசித்துச் செய்வது என் பழக்கம்.

டைம் கீப்பர் அறை பக்கத்தில் ஒரு அம்மா நிற்பாள். சண்முகக்கனி என்று பெயர். எங்கள் கல்லூரியில் வேலை பார்த்தவள். நாளைக் காலை பத்து மணிக்குச் சென்னையில் அவளுக்குச் சான்றிதழ் சரிபார்ப்பு. அரசு பாலிடெக்னிக் விரிவுரையாளர் வேலை. எழுத்துத் தேர்வில் எப்படியோ தேறிவிட்டாள். அசல் சான்றிதழ் இல்லாமல் போனால் உள்ளே விடமாட்டார்கள், இன்னொரு தேதியும் தரமாட்டார்கள். நாற்பத்தைந்து வயதாகிறது. இதை விட்டால் அவ்வளவுதான். ஆறரை மணிக்குக் கோவில்பட்டியில் அவளுக்கு ரயில். அசல் எல்லாம் இதோ, என் மடியில்.

என்னிடம் எப்படி வந்தது என்கிறீர்கள். எங்களைப் போன்ற தனியார் பொறியியல் கல்லூரியில் வேலைக்குச் சேரும்போதே பத்தாம் வகுப்பிலிருந்து எல்லா அசலையும் வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். வேலையை விட்டுப் போகும்போது ஒரு படிவத்தில் துறைத் தலைவர் கையெழுத்துப் போட வேண்டும், ‘இவரிடம் பாக்கி எதுவும் இல்லை’ என்று. போட்டால்தான் பீரோ திறக்கும். நான்தான் துறைத் தலைவர். டாக்டர் திருமலைக்கொழுந்து. ஊசி போடுகிற டாக்டர் இல்லை.

நான்கு மாதம் நான் கையெழுத்துப் போடவில்லை. ஸ்டாக் ரெஜிஸ்டரில் இரண்டு மவுஸ் குறைந்தது. கணினி மவுஸ். சிரிக்காதீர்கள். ரெஜிஸ்டர் என்றால் ரெஜிஸ்டர். இன்று மத்தியானம் முதல்வர் கூப்பிட்டு, “என்னய்யா கொழுந்து, அந்தம்மா போன்ல அழுவுது, கொடுத்துத் தொலையும்” என்றார். அவள் கிளம்பி வருகிறேன் என்றாள். நான்தான் சொன்னேன், “எதுக்கு மேடம் அலையுறீங்க, நான் மதுரைக்குத்தான் போறேன். கோவில்பட்டியில ஜன்னல் வழியா கொடுத்துடுறேன்.” நானாகத்தான் சொன்னேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. அதைக் கவனியுங்கள்.

மதுரையில் நாளை எனக்கு ஒரு கல்லூரியில் சிறப்புரை. என் ஆய்வைப் பற்றித்தான்.

உங்களுக்கு ஆய்வு விளங்குமா தெரியாது. சுருக்கமாகச் சொல்கிறேன். கணினியில் ஒரு கடிதத்தை அடுத்தவன் படிக்காதபடி பூட்டி அனுப்ப வேண்டும். கடிதத்தைச் சமமான துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் ஒரு சாவியை வைத்துக் கலைத்துப் போடுகிறோம். அந்தப் பக்கம் இருப்பவன் அதே சாவியால் திரும்பச் சேர்த்துக்கொள்வான். பூட்டவும் திறக்கவும் ஒரே சாவி. இப்படிக் கலைத்துப் போடுவதற்குப் பல முறைகள் இருக்கின்றன. நான் மூன்றை எடுத்துக்கொண்டேன். ஏ.இ.எஸ். என்று ஒன்று, இன்று உலகம் முழுக்க அதைத்தான் வைத்திருக்கிறார்கள். டிரிபிள் டி.இ.எஸ். என்று பழசு ஒன்று. அதன் சாவி சின்னது என்று மூன்று தடவை பூட்டுவார்கள். மூன்றாவது புளோஃபிஷ். எது வேகம், எது பாதுகாப்பு? இதுதான் என் கேள்வி. ஆறு வருஷம் செய்தேன். மூன்றையும் ஓட்டிப் பார்த்து, ஒவ்வொன்றும் எத்தனை மில்லி செகண்டில் பூட்டுகிறது என்று எழுதினேன். இருபது கேபி முதல் முந்நூறு கேபி வரைக்கும் ஃபைல்கள். கேபி என்றால், சரி விடுங்கள், சின்ன ஃபைல்கள்.

முடிவு என்ன தெரியுமா? புளோஃபிஷ். ஏ.இ.எஸ். முப்பத்தெட்டு, டிரிபிள் நாற்பத்து நான்கு, புளோஃபிஷ் பதினொன்று. உலகம் ஒரு பக்கம் போகிறது, நான் இன்னொரு பக்கம் காட்டுகிறேன். அட்டவணை நான்கு. என் ஆய்வேட்டில் எல்லோரும் கேட்பது அந்த அட்டவணையைத்தான்.

இந்தச் சண்முகக்கனியைப் பற்றிச் சொல்ல வேண்டும். துறை தொடங்கியபோது முதல் ஆளாகச் சேர்ந்தவள். பதினெட்டு வருஷம். கேபிள் இழுத்தாளாம், கணினி வந்த அட்டைப்பெட்டியை மாடிக்குச் சுமந்தாளாம், பாடத்துக்கெல்லாம் முதல் குறிப்பு அவள் எழுதியதாம், கல்லூரியைச் சோதிக்கக் குழு வரும்போதெல்லாம் அறுபது எழுபது ஃபைல் அவள்தான் போட்டாளாம். துறையில் எவரைக் கேட்டாலும் இந்தப் புராணத்தைப் பாடுவார்கள். பதினெட்டு வருஷத்தில் எத்தனை ஆய்வுக்கட்டுரை? ஒன்றுகூட இல்லை. நான் வந்து ஏழு வருஷம். பதினாறு கட்டுரை. நான் வரும்போது லேப் ஓடிக்கொண்டிருந்தது, குறிப்புகள் தயாராக இருந்தன, நேரே உட்கார்ந்து எழுதினேன். உட்கார்ந்து எழுத வேண்டும் அண்ணாச்சி. அதற்கு ஒரு வேகம் வேண்டும். சிலரிடம் அது இருக்கும், சிலரிடம் இருக்காது.

போன் அடிக்கிறது. அவள்தான். எடுத்தால், ‘எங்க வந்துட்டிருக்கீங்க சார்’ என்பாள். வண்டி வரும்போது வரும்.

ஆய்வேட்டைச் சமர்ப்பித்து ஒரு மாதம் இருக்கும். ஒரு நாள் என் அறைக்கு வந்தாள். கையில் ஒரே ஒரு தாள்.

“சார், உங்க புரோகிராமைப் பசங்களுக்கு லேப்ல ஒரு பயிற்சியா கொடுக்கலாம்னு எடுத்தேன். தப்பா நினைக்காதீங்க.”

“சொல்லுங்க.”

“அதுல முதல்ல ஏ.இ.எஸ்., அப்புறம் டிரிபிள், கடைசியா புளோஃபிஷ்னு ஓடுது. நான் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். புளோஃபிஷ் முதல்ல, ஏ.இ.எஸ். கடைசி.”

“ஏன்?”

“சும்மாதான் சார். புளோஃபிஷ் முப்பத்தாறு காட்டுது. ஏ.இ.எஸ். ஏழு.”

ஒரே புரோகிராம், ஒரே கணினி, ஒரே ஃபைல். அவள் செய்ததெல்லாம் மூன்று வரியை இடம் மாற்றியதுதான். “முதல்ல ஓடுறது மெஷினை எழுப்புற வேலையையும் சேர்த்துச் செய்யுது சார். அதுக்கு வேண்டியதையெல்லாம் எடுத்து வைக்கிறது, தயார் பண்றது, எல்லாம் அதோட நேரத்துலதான் ஏறுது. பின்னால வர்றதுக்கு எல்லாம் ரெடியா இருக்கு. நம்ம அளந்தது எது வேகம்னு இல்ல சார். எது முன்னால நின்னுச்சுன்னுதான்.”

என்ன தலையாட்டுகிறீர்கள்? காலையில் முதல் டிரிப்பில் வண்டி எப்போதும் டீசல் அதிகம் குடிக்குமா? அதை வைத்து டிரைவரைக் குறை சொல்லக் கூடாதா? அது எஞ்சின் அண்ணாச்சி. ராத்திரி முழுக்கக் குளிர்ந்து கிடந்த இரும்பு. கணினிக்குக் குளிர் ஏது? தெரியாத விஷயத்தில் தலையாட்டக் கூடாது.

அதோடு விட்டாளா? “பாதுகாப்புலயும் சார், புளோஃபிஷுக்கு மிக உயர்வுன்னு போட்டிருக்கீங்க.”

“சாவி நீளம் நானூத்து நாப்பத்தெட்டு பிட் வரைக்கும் போகும். ஏ.இ.எஸ்.ஸுக்கு இருநூத்தம்பத்தாறுதான். சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.”

“சாவி நீளம் சரி சார். துண்டு சின்னதா இருக்கே. எட்டு எட்டு பைட்டா வெட்டுது, ஏ.இ.எஸ். பதினாறு. நிறைய அனுப்பினா கலைச்சுப் போட்ட துண்டுலயே ஒரே மாதிரி ரெண்டு வந்துடும். பார்க்கிறவன் அதை வெச்சே பிடிச்சிடுவான்.”

“மேடம், நீங்க பி.எச்டி. முடிச்சிருக்கீங்களா?”

“இல்ல சார்.”

“பதிவாவது பண்ணியிருக்கீங்களா?”

“இல்ல சார்.”

“அப்போ?”

தாளை மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள். சத்தமாகச் சாத்தியிருந்தால்கூட எனக்குக் கோபம் வந்திருக்காது.

பிறகு நானும் ஓட்டிப் பார்த்தேன். சும்மாதான். பதினான்கு தடவை. அந்தக் கணினியில் அன்றைக்கு ஏதோ கோளாறு.

கயத்தாறு வந்துவிட்டதா? இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது. ஃபைல் உங்கள் முட்டியில் இடிக்கிறதோ? இல்லையா, சரி.

எங்களுக்குப் பட்டம் கொடுக்கும் முன்னால் பொது வாய்மொழித் தேர்வு என்று ஒன்று உண்டு. ஊரறிய நடக்கும். சுற்றறிக்கை அனுப்புவார்கள். யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், யார் வேண்டுமானாலும் எழுந்து கேள்வி கேட்கலாம். வெளியூரிலிருந்து ஒரு தேர்வாளர் வருவார். முதல் வரிசையில் உட்கார்ந்து, கேட்பதையும் பார்ப்பார், நான் சொல்வதையும் பார்ப்பார். அதனால் கேள்வியை அப்படியே விட்டுவிட முடியாது. முந்தின நாளே ஆள் பார்த்துச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுவோம். நீ இதைக் கேள், நீ அதைக் கேள். பதிலையும் மனப்பாடம் செய்துவைத்திருப்போம். எல்லோரும் செய்வதுதான். முடிந்ததும் கேசரி, வடை, காபி. நம் பொறுப்பு. ஆறு பேருக்கு ஆறு சீட்டு எழுதினேன். ஆறாவது சீட்டு அவளுக்கு.

ஏன் அவளுக்கு என்று ஆல்வின்கூடக் கேட்டான். ஆல்வின் எங்கள் துறையில் சின்னவன். “சார், அந்தம்மாட்ட எதுக்கு?” என்றான். மடையன். கையில் சீட்டு இல்லாதவள்தானே எழுந்து வேறு எதையாவது கேட்பாள்? சீட்டு இருந்தால் சீட்டில் உள்ளதுதான். அதோடு, அந்த மாதம்தான் நிர்வாகம் ஆட்குறைப்பு என்று ஆரம்பித்திருந்தது. துறைக்கு ஒருவர். பெயர் கொடுக்க வேண்டியது துறைத் தலைவர். அது அவளுக்கும் தெரியும். வீட்டில் சம்பாதிப்பது அவள் ஒருத்திதான். புருஷன் இடுப்பு ஒடிந்து படுக்கையில். நான் ஒன்றும் மிரட்டவில்லை. சீட்டைக் கொடுத்தேன், அவ்வளவுதான்.

அன்று கூடம் நிறைந்திருந்தது. ஐந்து கேள்வி முடிந்தது. நன்றாகப் பதில் சொன்னேன். வெளித்தேர்வாளர் கடிகாரத்தைப் பார்த்தார். அவள் எழுந்தாள். கையில் சீட்டு இருக்கிறது, ஆனால் அதைப் பார்க்கவில்லை. திரையைப் பார்க்கிறாள். திரையில் அட்டவணை நான்கு.

“சார், அட்டவணை நாலுல,” என்றாள்.

என் சீட்டில் அட்டவணை என்ற வார்த்தையே கிடையாது.

நிறுத்தினாள். எவ்வளவு நேரம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மில்லி செகண்டில் நேரம் அளந்தவன் நான், எனக்கே தெரியவில்லை. வெளித்தேர்வாளர் திரும்பி, “எஸ் மேடம், அட்டவணை நாலுல?” என்றார். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு சீட்டைப் பார்த்தாள். பார்த்து, எழுத்துக்கூட்டி வாசிக்கிற மாதிரி வாசித்தாள். “இந்த ஆய்வின் எதிர்காலப் பயன்பாடுகள் யாவை?” உட்கார்ந்துவிட்டாள்.

எனக்கு அந்தப் பதில் மறந்துபோய்விட்டது. ஏதோ சொன்னேன். கூடம் முழுக்கக் கைதட்டியது.

காபி குடிக்கும்போது வந்தாள். கேசரி எடுத்துக்கொள்ளவில்லை. “வாழ்த்துகள் டாக்டர்” என்றாள். என்னை முதன்முதலில் டாக்டர் என்று கூப்பிட்டது அவள்தான். அதில் இருக்கிற குத்தலைப் பார்த்தீர்களா? கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். ஆறு வருஷம் செய்தவன், எனக்குப் பதில் தெரியாதா? கேட்காமல் விட்டாள் பாருங்கள், அதுதான். என்னமோ எனக்குப் பட்டத்தை அவள் பிச்சையாகப் போட்ட மாதிரி. அன்றிலிருந்து வராந்தாவில் எதிரே வந்தால் வணக்கம் சொல்வாள். எப்போதும் போலத்தான் சொல்வாள். எனக்குத்தான் தெரியும் அது எப்படிப்பட்ட வணக்கம் என்று.

ஆட்குறைப்புப் பட்டியலில் நான் ஒன்றும் விரோதம் காட்டவில்லை. நிர்வாகம் அட்டவணை கொடுத்திருந்தது. எத்தனை கட்டுரை, எத்தனை கருத்தரங்கு, கோடை விடுமுறையில் எத்தனை மாணவர்களைச் சேர்த்துவிட்டீர்கள். மூன்று கட்டம். கூட்டிப் போட வேண்டியதுதான். எனக்கு எண்பத்தொன்று வந்தது. ஆல்வினுக்கே ஐம்பது. அவளுக்கு ஒன்பது. லேப் அமைத்தது, குறிப்பு எழுதியது, ஃபைல் போட்டது என்று முதல்வர் இழுத்தார். “சார், அதுக்கெல்லாம் கட்டம் இல்லையே” என்றேன். உண்மையிலேயே இல்லை. கணக்கு என்பது எண்ணை வைத்துத்தான் பேசும், ஆளைப் பார்த்துப் பேசாது.

வேலையிலிருந்து விடுவிக்கும் உத்தரவை வாங்க என் அறைக்கு வந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். கையெழுத்துப் போட்டாள், பேனாவை மூடினாள்.

“சார், அன்னிக்குக் கேட்காம விட்டேன்ல, இப்போ கேட்கலாமா?”

“எனக்கு நேரமில்ல மேடம்.”

“சரி சார். அப்புறமா கேட்டுக்கிறேன்.”

அப்புறமா. அந்த வார்த்தையைக் கவனியுங்கள். நான்கு மாதமாக எனக்கு அது காதில் கிடக்கிறது. அப்புறம் என்றால் எப்போது? கல்லூரியில் இருந்தவரைக்கும் வாயைத் திறக்கவில்லை, ஏனென்றால் என் கையெழுத்து வேண்டியிருந்தது. வெளியே போன பிறகும் திறக்கவில்லை, ஏனென்றால் இந்த ஃபைல் வேண்டியிருந்தது. அரசு வேலைக்குப் போய்விட்டால் அவளுக்கு யாருடைய கையெழுத்து வேண்டும்? யாருக்குப் பயப்பட வேண்டும்? பல்கலைக்கழகத்துக்கு ஒரு கடிதம் போட எத்தனை நேரம் ஆகும்? மூன்று வரியை இடம் மாற்றிக் காட்ட எத்தனை நேரம் ஆகும்? அடுத்த வருஷம் முதல்வர் ஓய்வு பெறுகிறார். அந்த நாற்காலிக்கு டாக்டர் பட்டம் கட்டாயம். சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். அவள் அப்படியெல்லாம் செய்யக்கூடியவள் இல்லை. எனக்கே தெரியும்.

அவள் சான்றிதழைப் பார்க்கிறீர்களா? பாருங்களேன், பிளாஸ்டிக் உறைக்குள்தான் இருக்கிறது. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டு, பி.இ., எம்.இ. எம்.இ.யில் பல்கலைக்கழக அளவில் மூன்றாமிடம். அதெல்லாம் அந்தக் காலத்து மதிப்பெண், இப்போது செல்லாது. பெயருக்குக் கீழே அப்பா பெயர் பாருங்கள், தீப்பெட்டி ஆபீஸில் தீக்குச்சியைக் கட்டையில் அடுக்கினவர். இதை நான் தாழ்வாகச் சொல்லவில்லை.

மறுபடியும் போன். இது ஏழாவது தடவை. சத்தத்தை நிறுத்திவிடுகிறேன், உங்களுக்குத் தொந்தரவு.

இல்லை, பேட்டரி இருக்கிறது. எதற்கு எடுக்க வேண்டும்? வண்டி நம்பர் சொல்லியிருக்கிறேன், நேரம் சொல்லியிருக்கிறேன், எந்தப் பக்கத்து ஜன்னல் என்றுகூடச் சொல்லியிருக்கிறேன். ஒரு மனிதன் இதற்கு மேல் என்ன செய்வான்? அவள் சரியான இடத்தில் நிற்கவில்லை என்றால் அதற்கு நான் பொறுப்பா? பஸ் ஸ்டாண்டில் கூட்டம். வண்டி எத்தனை நிமிஷம் நிற்கும், இரண்டு நிமிஷமா, மூன்றா? நீங்கள்தான் டிப்போக்காரர், உங்களுக்குத் தெரியும்.

வந்துவிட்டது. கண்டக்டர் கத்துகிறார் பாருங்கள். நீங்கள் டீ குடிக்க இறங்குகிறீர்களா? மதுரைதானா நீங்களும்? அப்படியென்றால் உட்காருங்கள், சீட் போய்விடும்.

டைம் கீப்பர் அறையை ஒட்டித்தான் நிறுத்துகிறான். பச்சைச் சேலை, தோளில் பெரிய பை. ஒவ்வொரு வண்டியாக ஜன்னலை அண்ணாந்து பார்த்துக்கொண்டு வருகிறாள்.

மதுரைக் கூட்டத்துக்கு என்ன தலைப்பு தெரியுமா? ‘வேகமும் பாதுகாப்பும்.’ அவர்களாகவே வைத்தது.

கொஞ்சம் கையை எடுத்துக்கொள்ளுங்கள் அண்ணாச்சி. முதலில் ஒரு அழுத்து, அப்புறம் கீழே, இல்லையா? ஷட்டரை இறக்கிவிடுகிறேன். வெயில்.